சூரிய அடுப்பு 75 டிகிரியில் நிற்கிறதா? கண்ணாடி மூடியின் ஓரத்தைப் பாருங்கள்

நண்பரே, உச்சி வெயிலிலும் பெட்டி 75 டிகிரியைத் தாண்டவில்லை, உள்ளே ஒட்டிய தெர்மாகோல் சுருங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். தெர்மாகோலை முதலில் எடுத்துவிடுங்கள், அந்தச் சூட்டை அது தாங்காது. இரண்டு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த உமி நிரப்புங்கள், அடியிலும்தான். அமுக்க வேண்டாம், இடையில் அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது.

ஆனால் எனக்குச் சந்தேகம் கண்ணாடி மூடியின் ஓரத்தில்தான். காற்று அசையாத நேரத்தில் ஊதுவத்தியை அந்த ஓரத்தை ஒட்டியே நகர்த்துங்கள். புகை சட்டென்று வளையும் இடத்தில் சூடு கசிகிறது. என் பெட்டியில் கீல் பக்கம் அப்படி வளைந்தது. பருத்தித் துணியை நாடாவாக மடித்து ஒட்டியதும் 100ஐத் தாண்டியது.

அப்புறம், அரிசி வைக்குமுன் கறுப்புப் பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் வைத்து, பத்து நிமிடத்துக்கொரு முறை சூட்டைக் குறித்து இங்கே போடுங்கள், பார்க்கலாம்.