போஸ்ட்கிரஸ் பேட்ச் 3 பர்சன்ட் வேகமாச்சா? தஞ்சாவூர் அக்காகிட்ட கேளுங்க

மன்னார்குடி தம்பி: அக்கா, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோட கோடுல ஒரு லூப்புக்குள்ள இருந்த ஃபங்ஷனை இன்லைன் பண்ணேன், அதாவது தனியா கூப்பிடாம அதோட கோடை அங்கேயே போட்டேன், அதோட வேகத்தை அளக்கற பிஜிபெஞ்ச்ல 3 பர்சன்ட் ஏறுது. இந்த மாத்தத்தை பேட்ச்சா அனுப்பிடவா?

இருப்பா. மொதல்ல பேட்ச் போடாத பழைய கோடையே ரெண்டு தடவ ஓட்டி ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாரு, அதுவே 3 பர்சன்ட் ஆடுச்சுன்னா உன் 3 பர்சன்ட்டுக்கு அர்த்தமே இல்ல. அப்புறம் பழசை அஞ்சு தடவ ஓட்டி முடிச்சுட்டு புதுசை அஞ்சு தடவ ஓட்டாத, பழசு புதுசு பழசு புதுசுன்னு மாத்தி மாத்தி ஓட்டு. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்துலதான இருக்கு, புது ரகம் பாக்கணும்னா பழைய ரகத்தையும் சேர்த்து, சின்னச் சின்னப் பாத்தியா பல எடத்துல கலந்துதான் நடுவாங்க. ஒண்ணை வாய்க்கா ஓரத்துலயும் இன்னொண்ணை கடைமடையிலயும் நட்டா ஜெயிச்சது ரகமா தண்ணியான்னு எப்படிச் சொல்லுவ?

திருவாரூர்லேர்ந்து: லேப்டாப்புல மத்தியானம் ஒரு நம்பர், ராத்திரி ஒரு நம்பர் வருதுக்கா.

சித்திரை வெயில்ல சூடு ஏறுனா சிபியூ தானா வேகத்தைக் கொறச்சுக்கும், கரண்ட் போயி பேட்டரிக்கு மாறுனாலும் அதேதான். சிபியூ தானா வேகம் ஏத்திக்கற டர்போவை ஆஃப் பண்ணு, அதோட வேகத்தை முடிவு பண்ற கவர்னரை பெர்ஃபார்மன்ஸ்ல வை, ராத்திரியில ஓட்டு.

கும்பகோணம்: நான் பில்டு பண்ணது பேக்கேஜ்ல வந்ததைவிட ரொம்ப ஸ்லோவா இருக்கே?

அசர்ட், அதாவது கோடுக்குள்ளயே வச்சிருக்கற சரிபார்ப்பு, ஆன்ல இருக்கான்னு பாருங்க. அது பக் பிடிக்கத்தான், வேகம் அளக்க அதை எடுத்துட்டு கம்பைலர்ல வேகத்துக்கான ஓ2 ஆப்ஷன் போட்டு திரும்ப பில்டு பண்ணுங்க.

மாயவரம்: பிஜிபெஞ்ச்ல 50 கிளையன்ட், ஸ்கேல் (டேட்டா அளவு) 1, சும்மா டீஃபால்ட் ஸ்கிரிப்ட். பேட்ச் போட்டாலும் போடாட்டியும் ஒரே நம்பர்.

இது நெறய பேர் விழற குழி. ஸ்கேல் 1ன்னா அக்கவுண்ட்ஸ் டேபிள்ல 1 லட்சம் ரோ இருக்கும், ஆனா பிராஞ்சஸ் டேபிள்ல ஒரே ஒரு ரோதான், ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனும் அதை அப்டேட் பண்ணியே ஆகணும், அப்ப 50 பேரும் ஒரே லாக்குக்கு க்யூவுல நிக்கிறாங்க, நீங்க மிச்சம் பண்ண சிபியூ அங்க எப்படித் தெரியும்? ஸ்கேலை கிளையன்ட் எண்ணிக்கைக்கு மேல வைங்க, இல்ல எதையும் மாத்தாம படிக்க மட்டும் செய்யற செலக்ட்டை மட்டும் ஓட்டுங்க. போஸ்ட்கிரஸ் டேட்டாவை மெமரியில வச்சுக்கற ஷேர்டு பஃபர்ஸ் டீஃபால்ட்டா 128 எம்பிதான், டேட்டா அதுக்குள்ள அடங்குற மாதிரி அதை ஏத்தி, ஓட்டறதுக்கு முன்னாடியே டேட்டாவை மெமரிக்குக் கொண்டு வந்து பிரீவார்ம் பண்ணிக்கங்க. ரைட்டும் சேர்த்து அளக்கணும்னா 30 செகண்ட் ரன் வேண்டாம், மாறுன டேட்டாவை மொத்தமா டிஸ்க்ல எழுதற செக்பாயின்ட்டோட டைம்அவுட்டே டீஃபால்ட்டா 5 நிமிஷம், ஒரு ரன்ல மாட்டும், ஒண்ணுல மாட்டாது.

மன்னார்குடி தம்பி: மாத்தி மாத்தி ஓட்டுனேன்க்கா, இப்ப நான் தொடவே தொடாத ஒரு ஃபங்ஷன் ஸ்லோவா காட்டுது!

கோடு மெமரியில உக்கார்ற எடம் நகர்ந்திருக்கும், அதுக்கே சில பர்சன்ட் ஆடும்ப்பா. லினக்ஸ்ல பெர்ஃப் ஸ்டாட் கமாண்ட் போட்டு சிபியூ ஓட்டுன இன்ஸ்ட்ரக்‌ஷன் கவுண்ட்டைப் பாரு, அது டைம் மாதிரி அவ்வளவா ஆடாது. உன் இன்லைன்ல அது கொறஞ்சிருக்கான்னு சொல்லு, அப்புறம் அனுப்பறதைப் பத்திப் பேசுவோம்.