வாக்கரைப் பரணில் ஏற்றியது யார்?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. ஐந்து மாதத்துக்கு முன் பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து ராடு வைத்தார்கள். வாக்கர் பிடித்துக் காலை ஊன்றி நடக்கலாம் என்று ஆறாவது வாரமே டாக்டர் சொல்லிவிட்டார். இவரோ கட்டிலை விட்டு இறங்குவதில்லை. பாத்ரூமுக்கும் என் தோளில் சாய்ந்துதான் போகிறார். எனக்கு முதுகு விட்டுப்போகிறது. மூன்றாம் மாத ரிவ்யூவுக்கும் வர மறுத்துவிட்டார். அத்தை ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறார். விசாரிக்க வருகிறவர்கள் பார்த்தால் அத்தைக்குச் சங்கடம் என்று வாக்கரைப் பரணில் போட்டுவிட்டோம். அவருக்கு எப்படித் தைரியம் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: தைரியம் கிடக்கட்டும். வாக்கரைப் பரணில் ஏற்றியது யார்? உங்கள் கணவரால் ஏற முடியாது. அத்தைக்கு வயதாகிவிட்டது. ஸ்டூல் போட்டு ஏறியது நீங்கள்தானே?

விபத்து நடந்தது ஊருக்கே தெரியும். பிறகு யாரிடம் எதை மறைக்கிறீர்கள்? வாக்கர் பிடித்து நடக்கிற மகன் அவமானம், பெண்டாட்டி தோளில் தொங்குகிற மகன் கௌரவமா? அத்தையிடம் இதைக் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. அந்தச் சங்கடத்தைக் கட்டிலில் இருந்தே பார்த்துக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு நடக்க எப்படி மனசு வரும்?

படுத்தே கிடந்தால் சில வாரத்திலேயே தொடைச் சதை கரையும், முழங்காலும் கணுக்காலும் இறுகும். டாக்டர் சொன்ன அளவுக்குப் பாரம் ஏறினால்தான் எலும்பும் நன்றாகக் கூடும். சூப்பில் கால்சியம் சொற்பம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அத்தை அக்கறையோடு கூழ் காய்ச்சட்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு கூடுவதை அது தள்ளிப்போடும்.

ரிவ்யூவை விட்டது பெரிய தப்பு. எலும்பு கூடுகிறதா, இல்லை ராடும் திருகுகளுமே சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கின்றனவா என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். எலும்பு கூடாமலே போனால் ஒருநாள் திருகோ ராடோ முறியும், மறுபடி ஆபரேஷன். இந்த வாரமே கூட்டிப் போங்கள். எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதற்கிடையில் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அசையாத காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

பயிற்சிக்கு வெளியே அலைய முடியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருவார்.

கணவனுக்குச் செய்வது கடமை என்று நம்புகிறவள்தான் நானும். முடியாத நாளில் தோள் கொடுக்க வேண்டும்; டாக்டர் நட என்று சொன்ன பிறகு அந்தத் தோளை எடுத்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டாவதைச் செய்யத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். 'நீங்க பிடிச்சு நடங்க, நான் பின்னாடியே வர்றேன்' என்று அத்தை காதிலும் விழும்படி சொல்லுங்கள். யார் வந்தாலும் வாக்கர் கட்டில் பக்கத்திலேயே நிற்கட்டும். அத்தை இரண்டு நாள் பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.

ரிவ்யூவுக்குப் போகும்போது உங்கள் முதுகையும் அதே டாக்டரிடம் காட்டுங்கள்.