பெரிய எக்ஸ்எம்எல், சின்ன ஏபிஐ: திருகோணமலை வாசகர்களின் கேள்வி பதில்

உவர்மலை: சேர், டேக் போட்டுத் தகவல் எழுதிய 2 ஜிபி எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தால் கணினி உறைந்துபோகிறது. ரேம் கூட்டவா?

டொம் என்ற, முழுக் கோப்பையும் ஒரேயடியாக ஏற்றும் முறையில் திறந்தால் அப்படித்தான். டேக்குக்குள் டேக்காக முழு மரத்தையும் மெமரியில் கட்டும்; கோப்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். வாசிக்க வாசிக்கக் கைவிட்டுக்கொண்டே போகிற முறைக்கு மாறுங்கள். வெளியார் தந்த கோப்பென்றால் முதலில் டிடிடியை (கோப்பின் அமைப்பையும் சுருக்கப்பெயர்களையும் அறிவிக்கும் பகுதி) நிறுத்துங்கள்.

கிண்ணியா: அதற்குத்தான் ஏபிஐ (மற்ற நிரல்கள் கூப்பிடும் இடைமுகம்) எழுதுகிறேன். தள்ளுகிற சாக்ஸ் மாதிரியா, இழுக்கிற ஸ்டாக்ஸ் மாதிரியா?

1998இல் வந்த சாக்ஸில், கோப்பைப் பிரித்து வாசிக்கும் பார்சர்தான் உங்கள் நிரலைக் கூப்பிடும்: டேக் திறந்தது, எழுத்து வந்தது, டேக் மூடியது என்று. எந்த டேக்குக்குள் நிற்கிறோம் என்பதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும். பாதியில் நிறுத்த எக்ஸெப்ஷன் எறிய வேண்டும். ஸ்டாக்ஸிலும் டாட்நெட்டின் எக்ஸ்எம்எல்ரீடரிலும் நீங்களே ‘அடுத்தது’ கேட்கிறீர்கள். போதுமென்றால் லூப்பை விட்டு வெளியேறலாம். நானென்றால் இன்னும் சுருக்குவேன். பயனர் ‘மாணவர்’ என்று எலிமென்ட் பெயரைத் தரட்டும். ஏபிஐ ஒவ்வொரு மாணவரையும் சின்ன மரமாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடட்டும். திற, அடுத்தது, மூடு, அவ்வளவுதான். பிழை வந்தால் வரி எண்ணையும் சொல்லுங்கள்.

மூதூர்: ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. நெட்வொர்க்கில் துண்டு துண்டாக வரும்போது ‘அடுத்தது’ கேட்டால் நிரல் காத்துக் கிடக்கும். தள்ளுகிற முறைதான் சரி.

அந்த இடத்தில் சரிதான் தம்பி. எக்ஸ்பாட் என்ற தள்ளுகிற பார்சருக்கு வந்த துண்டை வந்தபடியே ஊட்டலாம்.

கிண்ணியா: இழுக்கிறதைத் தள்ளுகிறதாக்க ஒரு லூப் போதுமே! மறுபக்கம் மாற்ற இணையாக ஓடும் த்ரெட்டும் வரிசையில் வைக்கும் க்யூவும் வேண்டும்.

மூதூர்: அப்போ காத்திருப்பு?

சண்டை வேண்டாம். பைத்தானின் எக்ஸ்எம்எல்புல்பார்சரைப் பாருங்கள்: துண்டை ஊட்டுவது ஒரு பக்கம், தயாரானதை எடுப்பது மறுபக்கம். காத்திருப்பே இல்லை.

தம்பலகாமம்: சாக்ஸில் ஊர்ப்பெயர் ‘திருக’ என்று பாதியில் நிற்கிறது.

மிச்சம் ‘ோணமலை’ அடுத்த அழைப்பில் வந்திருக்கும். ஒரே எழுத்துத்தொடரைப் பல அழைப்புகளாகத் தர சாக்ஸுக்கு உரிமை உண்டு. உயிர்மெய் உடைவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. டேக் மூடும்வரை சேர்த்து வையுங்கள். உங்கள் ஏபிஐ அதைப் பயனர் தலையில் கட்டக்கூடாது.

நிலாவெளி: பைத்தானின் ஐட்டர்பார்ஸில் ஒவ்வொரு எலிமென்ட்டையும் கிளியர் செய்தும் மெமரி ஏறுகிறது.

வெறுமையான பிள்ளைகளை எல்லாவற்றுக்கும் மேலுள்ள ரூட் எலிமென்ட் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது தங்கச்சி. அதையும் கிளியர் செய்யுங்கள்.

உப்புவெளி: எக்ஸ்எம்எல்லை வாசிக்க ரெகெக்ஸ் (எழுத்துக் கோலம் தேடும் முறை) போதாதா?

போதாது.

சீனக்குடா: 16 ஜிபி ரேம் போட்டால் டொம் ஓடுமா?

மேலே உவர்மலைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கந்தளாய்: டிடிடியை ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள்?

டிடிடியில் அறிவிக்கும் சுருக்கப்பெயரான ஒரு என்டிட்டிக்குள் பத்து, அந்தப் பத்தில் ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து என்று அடுக்கினால், 1 கேபிகூட இல்லாத கோப்பு விரிந்து சில ஜிபி ஆகிவிடும். ஸ்ட்ரீமிங் என்பதற்காக அது உங்களை விட்டுவைக்காது.