கன்று நடும் முன் மண்ணை முளைக்க விடுங்கள்

கேள்வி: பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கும் 2 ஏக்கர் நிலத்தை மீட்க எங்கள் குழுவுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. களைகளை அகற்றிவிட்டு 500 மரக்கன்றுகளை நட நினைக்கிறோம். எந்த மரங்கள் ஏற்றவை?

கன்றுகள் வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். அந்த நிலம் முன்பு காடாக இருந்ததா, புல்வெளியாக இருந்ததா? புல்வெளி என்றால், மர நிழல் விழுந்ததும் அங்குள்ள புற்களும், அவற்றை அண்டிய பூச்சிகளும், தரையில் கூடு கட்டும் பறவைகளும் போய்விடும். நல்ல மனத்தோடு செய்யப்படும் இந்தத் தவறுதான் எனக்கு மிகுந்த வேதனை தருவது.

முதல் வேலை, மண்ணில் உறங்கும் விதைகளை எழுப்பிப் பார்ப்பது. பத்து இடங்களில் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுங்கள். தட்டில் மணல் பரப்பி, அதன்மேல் இந்த மண்ணை மெல்லியதாகத் தூவி, ஈரம் காயாமல் வையுங்கள். பக்கத்தில் வறுத்து ஆறிய மணல் மட்டும் உள்ள இன்னொரு தட்டு இருக்கட்டும். அதில் முளைப்பவை காற்றில் வந்தவை. முதலில் நூல் போன்ற பச்சை முனைகள் தெரியும். எல்லாம் ஒரே புல்லாகவே தோன்றும். கொஞ்சம் வளர்ந்ததும், இலை தண்டோடு சேரும் இடத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். அங்கே சிறு சவ்வு இருக்கிறதா, மயிர் வரிசை இருக்கிறதா என்பது இனம் பிரிக்கப் பெரிதும் உதவும். முளைக்காதது மண்ணில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில விதைகள் குளிரோ வெப்பமோ புகையோ பட்டால்தான் விழிக்கும். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், வயலுக்காக மூடிய குளங்களை மறுபடி தோண்டியபோது, ஒன்றரை நூற்றாண்டு வரை புதைந்திருந்த நீர்த்தாவர விதைகள் முளைத்தன.

நிலத்திலும் கணக்கெடுங்கள். 1 மீட்டர் சதுரச் சட்டம் போதும். செழிப்பான இடத்தில் வைக்கத்தான் கை போகும். அதைத் தவிர்க்க, சீட்டுக் குலுக்கி வரும் எண்களின்படி நிலத்தின் நீளத்திலும் அகலத்திலும் அத்தனை மீட்டர் அளந்து, அந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு இனமும் எத்தனை சதவீதம் பரவியிருக்கிறது என்று எழுதி, ஆண்டுதோறும் அதே மாதத்தில் திரும்பப் பாருங்கள்.

ஒரு பகுதியைத் தொடாமல் விடுங்கள். ஒப்பிட வேறு வழியில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1935இல் ஒரு பழைய பண்ணை நிலத்தில் புல்வெளியை மீட்கத் தொடங்கியது. 1940களில் எரித்த பாத்திகளையும் எரிக்காதவற்றையும் ஒப்பிட்ட பிறகே, அயல் புல்லை அடக்க நெருப்பு உதவும் என்பது தெளிவானது. நீங்களாக எரிக்க வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

களைகளில், ஊடுருவி வந்த அயல் செடி என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் பூக்கும் முன் வேரோடு எடுங்கள். பெயர் தெரியாதது நிற்கட்டும். பூத்த பிறகு அடையாளம் பார்க்கலாம்.