எதிரித் தளபதிக்கு ஒரு கையறுநிலை – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கவிதைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், தென்மாநிலப் படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் சாவைப் பற்றி வடமாநில எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் எழுதிய கவிதையைப் பெரிய கவிதை என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்தலாக இருந்தது. அடிமைமுறையைக் காப்பாற்றப் போர் செய்தவர் அவர். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் அவருடைய சிலையையே 2020இல் கழற்றிவிட்டார்கள். சிலை கூடாது என்றால் கவிதை மட்டும் எப்படிச் சரியாகும்? வீரத்தைத் தனியே பிரித்துப் பாராட்டுவது கடைசியில் அநியாயத்துக்கு வெள்ளையடிக்கிற வேலைதானே?

க., திருச்சி

அன்புள்ள க.,

நீங்கள் கேட்டதை மெல்வில்லே கேட்டிருக்கிறார். அநீதியின் பக்கம் அசையாமல் நின்றவனை நாம் எப்படிப் புகழ்வது என்று முதல் பத்தியிலேயே வருகிறது. மொத்தம் மூன்று பத்தி, பதினெட்டு அடி. புகழ முடியாது என்ற இடத்திலிருந்து கடைசிவரை அவர் நகரவில்லை.

ஜாக்சனின் சாவு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தக் கறார்த்தனத்தின் அருமை தெரியும். 1863 மே 2, வர்ஜீனியாவின் சான்சலர்ஸ்வில் போர்க்களம். பகலெல்லாம் படையைக் காட்டுவழியாகச் சுற்றி நடத்திக்கொண்டுபோய், வடபடையின் வலது பக்கத்தில் இறக்கி அதைச் சிதறடித்தார். இருட்டியபின் முன்னால் போய் நோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, எதிரிக் குதிரைப்படை என்று நினைத்து அவருடைய ஆட்களே, வட கரோலினாக்காரர்கள், சுட்டுவிட்டார்கள். இடது கையை வெட்டி எடுத்தார்கள். படைக்கு ஊழியம் செய்த பாதிரியார் அந்தக் கையை மட்டும் பக்கத்திலிருந்த ஒரு தோட்ட வீட்டின் குடும்ப இடுகாட்டில் புதைத்தார். மே 10 அன்று நிமோனியாவில் ஆள் போனார். வயது 39. ஆற்றைக் கடந்து மரநிழலில் இளைப்பாறுவோம் என்பது கடைசிப் பேச்சு.

இரங்கற்பா எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தெற்கில் எழுதித் தள்ளினார்கள். அவர்களில் ஓரளவு திறமையானவர் மார்கரெட் ஜங்கின் பிரெஸ்டன், ஜாக்சனின் முதல் மனைவியின் அக்காள். அந்த மரநிழல் வாக்கியத்தையே கவிதையாக்கினார். இவருடைய அப்பா லெக்ஸிங்டனில் கல்லூரித் தலைவராக இருந்தவர். நாட்டைப் பிரிப்பதில் உடன்பாடில்லாமல் 1861இல் வேலையை விட்டு வடக்கே போய்விட்டார். ஒரே வீடு இரண்டாகப் பிளந்தது. கவிதையில் அந்தப் பிளவின் சுவடே கிடையாது. களைத்துப்போன ஒரு படைவீரர், ஒரு ஆறு, நிழல். எதற்காகச் சண்டை போட்டார் என்பது மட்டும் காணோம். நீங்கள் சொன்ன வெள்ளையடிப்பு இதுதான். இதை நான் உங்களோடு சேர்ந்தே எதிர்ப்பேன்.

மெல்வில்லின் கவிதையில் கை இல்லை, ஆறு இல்லை, நிழல் இல்லை. கண்ணீர் வரவழைக்கிற சங்கதி எதையும் அவர் தொடவில்லை. செத்தவனைச் சொன்ன கையோடு அவனுடைய கொள்கையும் செத்தது என்கிறார். முடிவில், எங்களை இரக்கமில்லாமல் விரட்டியடித்தவன் விழுந்து கிடக்கிறான், ஆகவே நாங்கள் இரங்குகிறோம். இவனுக்கு மாலை போடும் கடன் எங்களுக்கு இல்லை, அதனால்தான் ஒரு சொட்டுக் கண்ணீர் என்கிறார். எதைக் கொடுக்கிறோம், எதை மறுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துச் செய்த அஞ்சலி இது.

நமக்கு உடனே வெண்ணிக் குயத்தியார் ஞாபகம் வரும். வெண்ணிப் போரில் ஜெயித்த கரிகாலனின் முகத்துக்கு நேராக, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர் (புறம் 66). என்ன துணிச்சல்! ஆனால் அங்கே சண்டை இரண்டு அரசர்களுக்கு நடுவே. இரண்டு பக்கமும் கேட்டது ஒரே புகழை. தோற்றவன் பக்கத்தில் தராசில் வைக்க வேண்டிய அடிமைகள் என்று யாரும் அந்தப் பாட்டில் இல்லை. மெல்வில்லுக்கு அந்த வசதி கிடையாது.

அவர் சறுக்குகிற இடமும் உண்டு. தன் கடமை என்று நம்பியதற்கு ஜாக்சன் உண்மையாக இருந்தான், ஜான் பிரவுனைப் போல என்று ஒரு அடி வருகிறது. அடிமைகளை விடுவிக்க ஆயுதம் எடுத்துத் தூக்கில் தொங்கியவர் பிரவுன். 1859 டிசம்பர் 2 அன்று அந்தத் தூக்குமரத்துக்கு எதிரே, ராணுவக் கல்லூரி மாணவர்களையும் பீரங்கிகளையும் நிறுத்திக் காவல் நின்ற ஆசிரியர்களில் ஒருவர் இதே ஜாக்சன். பிரவுனின் ஆன்மாவுக்காக ஜெபித்ததாக அன்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். வீட்டில் அடிமைகளும் வைத்திருந்தார். கொண்ட கொள்கைக்கு உண்மையாக இருந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக இந்த இருவரையும் ஒரு தட்டில் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

இதன் வேர், இந்தக் கவிதை இருக்கிற ‘பேட்டில்-பீசஸ்’ (Battle-Pieces, 1866) என்ற மெல்வில்லின் தொகுப்பின் கடைசியில் வருகிற உரைநடையில் தெரிகிறது. விடுதலையானவர்கள் மேல் பரிவு வேண்டும்தான், ஆனால் இயல்பில் நமக்கு நெருக்கமானவர்களை, அதாவது தெற்கத்திய வெள்ளைக்காரர்களை, அது ஒதுக்கிவிடக் கூடாது என்கிறார். சுமார் 40 லட்சம் பேர் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கண்ணீர் விடலாமா என்று அவர்களில் ஒருவரையும் அவர் கேட்கவில்லை.

சிலை விஷயம் வேறு. ரிச்மண்ட் மான்யுமென்ட் அவென்யூவில் அந்தச் சிலை வந்தது 1919இல். வர்ஜீனியாவின் 1902ஆம் ஆண்டு அரசியலமைப்பு கறுப்பின மக்களில் பெரும்பாலோரின் ஓட்டுரிமையை அதற்குள் பறித்திருந்தது. குதிரைமேல் உட்கார்ந்திருந்த அந்த வெண்கலம் யாருக்கும் இரங்கவில்லை. ஊர் யாருடையது என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. கழற்றியது சரி. மெல்வில்லின் கவிதையை எந்தப் பீடத்திலும் பொறிக்க முடியாது. இரண்டாவது பத்தியைப் படித்ததுமே விழாக் கமிட்டிக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஜாக்சனைப் பற்றி அதே தொகுப்பில் இன்னொரு கவிதையும் இருக்கிறது, ஒரு வர்ஜீனியக்காரன் சொல்வதாக. அது நீளம், தன் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்தான் என்ற பல்லவி வேறு. எனக்கு அலுப்பூட்டியது. ஆனால் அதைத் தன் குரலில் சொல்லாமல் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவனின் வாயில் வைத்தாரே, அந்த எச்சரிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

1866இல் வந்த அந்தத் தொகுப்பு அன்று விலைபோகவில்லை. இப்போது காப்புரிமை தீர்ந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஜாக்சன் கவிதைக்கு நேராகப் போகாதீர்கள். ஜான் பிரவுன் தூக்கில் ஆடுவதைச் சொல்லும் முதல் கவிதையிலிருந்து தொடங்குங்கள். பின்னிணைப்பு உரைநடையையும் விட்டுவிடாதீர்கள். படித்தபிறகும் உறுத்தல் மிச்சம் இருந்தால் எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.