முன்னாள் படைவீரருக்கு வறுமை உதவியா, பென்ஷனா?

கேள்வி: என் கணவர் 1995இல் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தார். வலிப்பு வந்ததால் 2003இல் மெடிக்கல் போர்டு (ராணுவ மருத்துவர் குழு) வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊனம் 30 சதவீதம், ஆனால் பணியால் வந்த நோய் அல்ல என்று எழுதி பென்ஷனை மறுத்தார்கள். மேலதிகாரி அவமானப்படுத்தினார்; அவருடைய கூடப்பிறந்தவர்களும் கைவிட்டார்கள். என் தையல் கூலியில்தான் குடும்பம் ஓடுகிறது. வறுமை உதவித்தொகை கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் மனு மேல் மனு கொடுத்துவிட்டேன். என்ன வழி?

பதில்: அம்மா, மேலதிகாரி பேசியதையும் கொழுந்தன்மார் செய்ததையும் விட்டுவிடுங்கள். வழக்குக்கு அவை உதவாது. வறுமை உதவித்தொகை 65 வயது கடந்த, பென்ஷன் இல்லாத படைவீரர்களுக்கானது. உங்கள் கணவருக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு உரிமையாக வர வேண்டியது டிஸ்எபிலிட்டி பென்ஷன், அதாவது ஊனத்துக்கான ஓய்வூதியம்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஆளெடுப்பில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் வலிப்பு பற்றிக் குறிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் நோய் பணியில் வந்தது என்றே சட்டம் அனுமானிக்கும். பணியால் வரவில்லை என்று காரணத்தோடு நிரூபிக்க வேண்டியது ராணுவம். 2013இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது இதைத்தான். அவருக்கும் வலிப்புதான்.

சரி, ஆபத்து எங்கே? பென்ஷன் பெறாதவர்களின் ஆவணங்களை ராணுவத்தின் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் 25 வருடம்தான் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். உங்களுக்கு அந்தக் கெடு 2028. நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும், மெடிக்கல் போர்டு காகிதம் கையில் இல்லாமல் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் புத்தகம் மட்டும் போதாது. உங்கள் கணவர் பெயரிலேயே தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு, போர்டு நடவடிக்கைகளின் நகலையும் மறுப்புக் கடிதத்தையும் இந்த மாதமே கேளுங்கள்.

அடுத்தது, கலெக்டர் மனு. அது வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவை நிறுத்தாது. இவ்வளவு தாமதமாக வருபவருக்கு, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும். ஆக, வரிசையில் நின்று கழிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவையைத் தின்கிறது. சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு, தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் சேர்த்துப் போங்கள். மனுதாரர் அவர்தான், நீங்கள் அல்ல. கையெழுத்தோ கைநாட்டோ அவருடையதாக இருக்க வேண்டும்.

2003 முதல் மொத்த நிலுவையும் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மூன்று வருடம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 'ஊனம் இப்போது அதிகமாகிவிட்டது, புது போர்டு வேண்டும்' என்றும் நீங்களாகக் கேட்காதீர்கள். 30 சதவீதம் என்றால் விதிப்படி 50 ஆக உயர்த்திக் கணக்கிடுவார்கள். மாத்திரையில் வலிப்பு அடங்கியிருக்கும் நேரம் பார்த்து, புது போர்டு பென்ஷனுக்குத் தேவையான 20 சதவீதத்துக்குக் கீழே எழுதிவிட்டால் கையில் இருப்பதும் சிக்கலாகிவிடும்.