காலேஜ் வேலை, பி.எஃப், கிராஜுவிட்டி: இந்த தடவ வந்த கேள்விங்க

தனியார் பல்கலைக்கழகம் ஒண்ணுல எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன்ல 19 வருஷம் இருந்தேன், சம்பளப் பில், பி.எஃப், லீவ் கணக்கு எல்லாம் என் டேபிள் தாண்டித்தான் போகும். அதனால நீங்க அனுப்புன கேள்விங்களுக்கு எனக்குத் தெரிஞ்சத நேரா சொல்றேன்.

டீம்டு யூனிவர்சிட்டில 6 வருஷம் 8 மாசம் அசிஸ்டென்ட் புரொஃபசரா இருந்து ரிலீவ் ஆயிட்டேன் மேடம். கிராஜுவிட்டி கேட்டா "டீச்சிங் ஸ்டாஃபுக்கு கிடையாது"ன்னு எச்.ஆர்ல சொல்றாங்க. உண்மையா?

இல்ல சார், அது பழைய கதை. கிராஜுவிட்டிங்கிறது வேலய விட்டுப் போகும்போது சர்வீஸுக்காக நிர்வாகம் குடுக்க வேண்டிய மொத்தத் தொகை. 2004ல சுப்ரீம் கோர்ட் டீச்சருங்க கிராஜுவிட்டி சட்டத்துல வர்ற "எம்ப்ளாயி" இல்லன்னு சொன்னது நெசம்தான், ஆனா அதுக்கப்புறம் 2009ல பார்லிமென்ட்டே சட்டத்தத் திருத்தி, 1997 ஏப்ரல் 3லேர்ந்து செல்லும்னு போட்டாங்க, அத எதிர்த்து ஸ்கூல் நிர்வாகங்க போன கேஸ்லயும் 2022 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் திருத்தம் செல்லும்னு முடிச்சிருச்சு. இன்னும் 2004ஐயே சொல்லி அனுப்புறாங்கன்னா தெரியாம சொல்றாங்க, இல்லன்னா நீங்க கேக்காம போயிடுவீங்கன்னு சொல்றாங்க. நான் பாத்த வரைக்கும் ரெண்டாவதுதான் ஜாஸ்தி.

கணக்கு இதான்: கடைசியா வாங்குன பேசிக்கும் டி.ஏ.வும் சேத்து, 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். ஆறு மாசத்துக்கு மேல இருந்தா அடுத்த வருஷமா எடுத்துக்கலாம், ஸோ உங்களுக்கு 7. பேசிக்கும் டி.ஏ.வும் 40,000ன்னு வெச்சுக்கிட்டா 1,61,538 ரூபா வருது. சும்மா விடுற காசா இது?

2025 நவம்பர் 21லேர்ந்து இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருக்கு. நெறைய காலேஜ்ல பேசிக்க 12,000ன்னு சின்னதா போட்டு மிச்சத்த ஸ்பெஷல் அலவன்ஸ்னு எழுதுவாங்க பாருங்க, அலவன்ஸ் மொத்த சம்பளத்துல பாதிக்கு மேல போனா மேல போறத சம்பளத்துலயே சேத்துக்கணும்னு இப்ப வந்திருக்கு, அதனால கடைசி மாச ஸ்லிப்ப எடுத்து ஒரு தடவ கூட்டிப் பாருங்க. முதல்ல நிர்வாகத்துக்கு எழுத்துல கேளுங்க, ரிஜிஸ்டர் போஸ்ட்ல. 30 நாள்ல வரலன்னா தொழிலாளர் துறைல கிராஜுவிட்டி பாக்குற அதிகாரிகிட்ட மனு. வக்கீல் இல்லாமயே போய் வாங்குனவங்க எனக்குத் தெரியும்.

மூணு காலேஜ் மாறிட்டேன், மொத்தம் 9 வருஷம். பி.எஃப்ல இருக்குற பென்ஷன் காச எடுத்துக்கலாமா?

வேண்டாம் தம்பி. பத்து வருஷம் ஆனா மாசாமாசம் பென்ஷன் உரிமை வந்துரும், ஒம்பதரை வருஷமே பத்தா எடுத்துப்பாங்க, நீங்க கரைக்கு ஆறு மாசம் முன்னாடி நிக்கிறீங்க. 15,000 சம்பள வரம்புல பத்து வருஷத்துக்கு சுமார் 2,143 ரூபா, பெரிய தொகை இல்லதான், ஆனா அது உங்களுக்கப்புறம் மனைவிக்கும் வரும். மூணு காலேஜ் பி.எஃப் கணக்கு நம்பரும் (மெம்பர் ஐ.டி.) ஒரே யூ.ஏ.என்ல, அதாவது எத்தன வேல மாறுனாலும் மாறாத உங்க பொது நம்பர்ல, இருக்கான்னு பாத்து டிரான்ஸ்ஃபர் போடுங்க. பழைய காலேஜ் ரிலீவிங் தேதி ஏத்தாம விட்டிருந்தா அங்கதான் எல்லாம் நிக்கும், மொதல்ல அத சரி பண்ணுங்க.

லேப் அசிஸ்டென்ட், சம்பளம் 19,000. ஈ.எஸ்.ஐ.ன்னு மாசம் 143 பிடிக்கிறாங்க, நாங்க ஆஸ்பத்திரிக்கே போறதில்ல. நிறுத்த முடியுமா?

ஈ.எஸ்.ஐ.ங்கிறது தொழிலாளர் காப்பீடு, சம்பளம் 21,000 வரைக்கும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். நீங்க 143 குடுத்தா உங்களுக்காக நிர்வாகம் 618 கட்டுது. உடம்பு முடியாம லீவு போட்டா வருஷத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம் கெடைக்கும். பசங்க நீட் எழுதுறாங்கன்னா இன்னொண்ணு, சென்னை கே.கே.நகர் ஈ.எஸ்.ஐ. மெடிக்கல் காலேஜ்ல இன்ஷூர்டு தொழிலாளர் பிள்ளைங்களுக்குன்னே தனி கோட்டா இருக்கு. இத நான் எத்தன அட்டெண்டர் அண்ணங்ககிட்ட சொல்லியிருக்கேன், பாதிப்பேர் கேள்விப்பட்டதே இல்லம்பாங்க.

ஏழு மாசம்தான் சர்வீஸ், இப்ப கன்சீவ் ஆயிருக்கேன். ரிசைன் பண்ணிட்டு அப்புறம் வாங்கன்னு எச்.ஓ.டி. சொல்றார்.

ரிசைன் லெட்டர்ல கையெழுத்து போடாதம்மா. பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேல பாத்திருந்தா போதும், முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. யு.ஜி.சி. 2018 விதிலயும் 180 நாள் முழுச் சம்பளம்னு இருக்கு. லீவு லெட்டர மெயில்ல அனுப்பு, வாய்ல சொல்றது நிக்காது.

என் வீட்டுக்காரர் யூனிவர்சிட்டி ஆபீஸ்ல 2011லேர்ந்து வேல பாத்தார், மார்ச்ல ஹார்ட் அட்டாக்ல தவறிட்டார். பி.எஃப் மட்டும்தான் வரும்னாங்க. நாமினில அவங்க அம்மா பேர் இருக்கு.

அம்மா, மொதல்ல மனச தேத்திக்கோங்க. பி.எஃப் மட்டும் இல்ல, இன்னும் மூணு இருக்கு. ஒண்ணு, இ.டி.எல்.ஐ.ன்னு ஒரு இன்ஷூரன்ஸ், ஊழியர் சம்பளத்துல பைசா பிடிக்காம நிர்வாகமே கட்டுறது, 7 லட்சம் வரைக்கும் வரும், ஒரு வருஷம் தொடர்ச்சியா வேல பாத்திருந்தா கொறஞ்சது 2.5 லட்சம். ரெண்டு, விதவை பென்ஷன், அதுக்கு பத்து வருஷக் கணக்கெல்லாம் கிடையாது, பிள்ளைங்க இருந்தா ரெண்டு பேர் வரைக்கும் 25 வயசு வரைக்கும் தனியா வரும். மூணு, கிராஜுவிட்டி, இறந்துட்டா 5 வருஷம் வேல பாத்திருக்கணும்ங்கிற கண்டிஷன் பாக்க மாட்டாங்க. பி.எஃப்புக்கு ஃபார்ம் 20, பென்ஷனுக்கு 10டி, இன்ஷூரன்ஸுக்கு 5ஐ.எஃப், மூணையும் ஒண்ணா குடுங்க.

நாமினி விஷயம், கல்யாணத்துக்கு முன்னாடி எழுதுன பி.எஃப் நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது, அதனால மாமியார் பேர் இருக்கேன்னு பயப்பட வேண்டாம், குடும்பத்துக்குத்தான் போகும். எங்க ஆபீஸ்ல ஒரு பியூன் அண்ணன் இப்படித்தான் போனார், சர்வீஸ் ஃபைலத் தொறந்தா 1998ல அவரே பால்பாயின்ட் பேனால எழுதுன அம்மா பேரு, பக்கத்துல கட்டைவிரல் ரேகை வேற. அந்த அக்கா பதினாலு மாசம் நடந்தாங்க, ஒவ்வொரு தடவையும் அதே மஞ்சப்பைல ரேஷன் கார்டு, டெத் சர்டிபிகேட், பேங்க் பாஸ்புக்னு மடிச்சு வெச்சு எடுத்துட்டு வருவாங்க. நீங்க வாரிசு சான்றிதழ இப்பவே தாலுகா ஆபீஸ்ல அப்ளை பண்ணிருங்க, எல்லாத்துக்கும் அதான் கேப்பாங்க. எந்தக் கவுண்டர்ல என்ன சொல்லித் திருப்பி அனுப்புறாங்கன்னு தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி எனக்கு அனுப்புங்க, அடுத்து எங்க போகணும்னு பாத்து சொல்றேன்.